ஏற்றி இறக்கும் ஸ்பிரிங்

விபத்துக்குப் பிறகு தமயந்தியைக் கணவன் தயாளன்தான் தூக்கிக் காரில் உட்காரவைப்பான். வண்டியைக் கொஞ்சம் தாழ்த்தினால் சக்கர நாற்காலியிலிருந்து அவளே இருக்கைக்கு நகர்ந்துகொள்ளலாம். அதற்காகத்தான் அவளோடு பட்டறைக்கு வந்திருந்தான்.

மெக்கானிக் ஃபெரோஸ் இரண்டு விதமான ஸ்பிரிங்குகளைக் காட்டினான்.

"இது ஒரேயடியா இறக்கிடும் சார். அதுல ஏத்தி இறக்கிக்கலாம். மேடத்துக்குச் சரியாயிட்டா பழைய உயரத்துக்கே கொண்டுவந்துடலாம். எதைப் போடட்டும்?"

இனி அவள் நடக்கமாட்டாள் என்று டாக்டர் தயாளனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். தமயந்தி காருக்குள்ளிருந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தி இறக்குறதே போடுங்க" என்றான். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது.

ஃபெரோஸ் உள்ளே போனதும் அவள் ஜன்னல் வழியே கையை நீட்டி அவன் சட்டை நுனியைப் பிடித்தாள்.

"வேண்டாங்க. இறக்கினது இறக்கினதாவே இருக்கட்டும்."

அவன் திரும்பவில்லை. பட்டறைக்குள் ஏதோ இரும்பு கீழே விழுந்து உருண்டது. பிடித்த சட்டையை அவள் விடவில்லை.

"எப்பத்துலேர்ந்து தெரியும்?" என்று கேட்டான், தெருவைப் பார்த்தபடியே.