டம்ளருக்குள் நீலச் சட்டை

கண்ணாடி டம்ளருக்குள் மாரி நின்றுகொண்டிருந்தான். மாரி செத்து நேற்றோடு பதினாறு நாள். காரியத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வந்த ஏப்பம்கூட மேனேஜர் அசரியாவுக்கு இன்னும் அடங்கவில்லை.

நிஜ டம்ளர் இல்லை அது. மேற்குத் தாம்பரத்தில் மருந்துக்கடை மாடியில் இருந்த கிராஃபிக்ஸ் ஆபீசில், ஒரு சர்பத் விளம்பரத்துக்காக மாரி கம்ப்யூட்டரிலேயே செய்த டம்ளர். அதன் வளைவில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு, நீலச் சட்டையில் ஓர் உருவம் பிரதிபலித்தது.

"மாரி அண்ணன் சட்ட சார் இது," என்றாள் டைப்பிஸ்ட் தனம். "ஆயுத பூஜைக்கு ஓனர் எல்லாருக்கும் ஒரே துணியில தெச்சுக் குடுத்தாரே, அது. கடைசி நாளு அதத்தான் போட்டுகினு இருந்தாரு."

அசரியா கழுத்துச் சிலுவையை இழுத்துச் சட்டைக்கு வெளியே போட்டார். அவருக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அது பேய்க்குத் தெரிந்திருக்க வேண்டுமே!

அந்தக் கடைசி நாள்தான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. அன்று மாரியின் முதுகுக்குப் பின்னால் நின்று, ஆபீசே கேட்கக் கத்தினார். "இதுவாடா கண்ணாடி? பிளாஸ்டிக் மாதிரி இருக்கு! எதிர்ல நிக்கிறவன் மூஞ்சி அதுல தெரிஞ்சாத்தான்டா கண்ணாடி!"

 சாயங்காலம் வரை குனிந்த தலை நிமிராமல் வேலை செய்துவிட்டுக் கிளம்பிய மாரி, தண்டவாளத்தைத் தாண்டும்போது வந்த ரயிலைக் கவனிக்கவில்லை. திட்டு வாங்கிய மனசோடு போனதால்தான் கவனிக்கவில்லையோ? பதினாறு நாளாக அசரியாவுக்குச் சரியான தூக்கம் கிடையாது.

"அழிச்சிடறேன் தனம். நாளைக்கு விளம்பரத்தக் குடுத்தாகணும்."

"மூஞ்சியக்கூடப் பாக்காமயா அழிப்பீங்க? பாவம் சார்."

மாரிக்கு மனித முகம் செய்ய வராது. ஓர் உருண்டை செய்து, அதில் யாருடைய போட்டோவையாவது ஒட்டிவிடுவான். தன் போட்டோவையே ஒட்டி, 'நல்லாப் பாத்துக்கோ' என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறானோ? அசரியா கைக்குட்டையால் உச்சந்தலையைத் துடைத்துக்கொண்டு, டம்ளரைப் பார்த்திருந்த கேமராவை, டம்ளருக்கு எதிரே மாரி நிறுத்தியிருந்த அந்த உருவத்தின் பக்கம் திருப்பினார். கேமராவும் கம்ப்யூட்டருக்குள் இருப்பதுதான்.

படம் வரத் தொடங்கியது. தொண்ணூற்றைந்தாம் வருஷத்துக் கம்ப்யூட்டர் மேலிருந்து கோடு கோடாகத்தான் வரையும். இரண்டு கோட்டுக்கு நடுவே தாம்பரத்திலிருந்து ஒரு பீச் ஸ்டேஷன் ரயிலே கிளம்பிப் போய்விடும்.

அசரியா கண்களை இறுக மூடிக்கொண்டார். "என்னால முடியாது. நீயே பாத்துச் சொல்லும்மா."

"தல வருது சார்."

"சுருட்ட முடி தெரியுதா?"

"முடியே காணோம் சார். வழவழன்னு கீது."

அசரியா சிலுவையை இறுகப் பிடித்துக்கொண்டார். "அடிபட்டவனுக்கு ஆஸ்பத்திரியில மழிச்சாங்களே, அந்தத் தலை! ஏசப்பா!"

"கண்ணு வந்துடுச்சு சார். நேரா நம்மளத்தான் பாக்குது."

"மொறைக்கிறானா?"

தனம் திரைக்குக் கிட்டே குனிந்தாள். வெளியே ஏதோ ரயில் கடக்க, மேசை மெல்ல அதிர்ந்தது. அசரியா மூடிய கண்ணோடு கைகளைக் கூப்பினார். "டேய் மாரி, தப்புதான்டா. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுடுறா."

"வாய் வந்துடுச்சு சார். சிரிக்குது."

"என்னைப் பாத்தா சிரிக்கிறான்?"

தனம் அவர் தோளை மெதுவாகத் தொட்டாள்.

"கண்ணத் தொறங்க சார். அது நீங்க."