பதினான்காம் பாத்தி

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

முதலில் தேன்சிட்டு. அப்புறம் செண்பகப் பறவை, அடித்தொண்டையிலிருந்து.

விடியற்காலைப் பறவைகளைப் பிடிக்கத்தான் காலனிப் பொதுத்தோட்டத்தில், தன் பாத்தியின் பீர்க்கைப் பந்தலில், நேற்று மாலை ரெக்கார்டரைக் கட்டிவிட்டு வந்தாள். முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதை வைத்தே பிழைத்தவள். ஓய்வு பெற்றால் மட்டும் காது சும்மா இருக்குமா?

அதுவும், இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் மிஷின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு கிடந்த காது.

நாற்பது நாள்!

தோட்டத்துச் சட்டம் கறாரானது. இருபத்தொரு நாள் தண்ணீர் காணாத பாத்தி, காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போய்விடும். போயிருக்கும் என்று அழுது தீர்த்துவிட்டுத்தான் முந்தாநாள் வீடு திரும்பினாள்.

வந்து பார்த்தால் பீர்க்கை பூத்துக் கிடக்கிறது.

மழையாக இருக்கும் என்றார் தோட்டத்துச் செயலாளர். ஒரு சொட்டு விழாத இந்தச் சித்திரையில் ஏது மழை!

பட்டியலில் முதல் பெயர், மூன்றாம் வீதி ரெஜினா. இரண்டு வருடமாகக் காத்திருக்கிறாள். காலை இழுத்து இழுத்து வந்து, வேலிக்கு வெளியே நின்று இந்தப் பந்தலையே பார்ப்பாள். கண் வைக்கிறாள் பாவி என்று, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்றுகூட இவள் வயிறெரிந்து திட்டினாள்.

ஹெட்போனில் செருப்புச் சத்தம்.

ஒரு கால் அழுத்தி. ஒரு கால் இழுத்து.

குழாய் கிறீச்சிட்டது. வாளி நிறைந்தது. மண் தண்ணீர் குடிக்கும் சத்தம்.

பிறகு குரல்.

"குடிங்க கண்ணுகளா. அக்கா வந்துட்டாங்க, இனி அவங்க பாத்துக்குவாங்க. நாளைலேர்ந்து நான் வரமாட்டேன்."

இன்னொரு முறை கேட்கத் தேவையே இல்லை. நாலு முறை கேட்டாள்.

சும்மா இருந்திருந்தாலே போதுமே! இருபத்தொரு நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் பாத்தி ரெஜினாவுடையது.

மகராசி, நீ நல்லா இருக்கணும் என்று வாய்விட்டே சொன்னாள். திட்டியதெல்லாம் நினைவு வந்து, வெட்கமாகவும் இருந்தது.

ஒரு பாத்திக்கு ஒரு பெயர்தான் என்று தோட்டத்துச் சட்டத்தில் எங்கும் இல்லை. அன்றைக்கே கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்துப் பார்த்துவிட்டாள். ரெஜினாவைக் காலையில் தோட்டத்துக்கு வரும்படி சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் விடிந்ததும் கைத்தடியோடு போனாள். பதினான்காம் பாத்தியின் பலகையில், தன் பெயருக்குக் கீழே பெயின்டால் இன்னொரு பெயர் எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணல்.

பந்தலுக்குக் கீழே முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

செருப்புச் சத்தம் வந்தது. பலகைக்கு எதிரே நின்றது.

இவள் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

எங்கோ தேன்சிட்டு.

பிறகு குழாய் கிறீச்சிட்டது.