தேடத் தெரியாதவர்

“மிஸ், இண்டைக்கும் எனக்குப் புத்தகம் கிடைக்கேல்லை.”

நூலகத்தில் தற்காலிக உதவியாளராக இருந்த யோகமலர் நிமிர்ந்து பார்க்காமலே அது தம்பிராசாதான் என்று கண்டுகொண்டாள். துறைமுகத்தில் ஏதோ வேலை. வேலை முடிந்ததும் நேரே நூலகத்துக்கு வந்துவிடுவான்.

“என்ன புத்தகம்?”

“கோழி வளர்ப்பு.”

“எந்த லாச்சியில தேடினனீங்கள்?” புத்தக விவர அட்டைகள் அடுக்கியிருந்த இழுப்பறைகளை அவள் காட்டினாள்.

“‘கோ’ எண்டு போட்டிருக்கிற லாச்சியில.”

“அது எழுதின ஆக்கள்ர பேர் வரிசை. அந்தப் புத்தகத்தை எழுதினவர் சின்னப்போடி. ‘சி’யிலதான் இருக்கும்.”

“எழுதினவரைத் தெரிஞ்சிருந்தா நேர அவரிட்டயே போய்க் கேட்டிருப்பன், மிஸ்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் போன பிறகும் அந்தப் பதில் மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. உண்மைதானே? லாச்சிகளை யாரும் தொடுவதேயில்லை. எல்லோரும் அவளுடைய மேசைக்கு முன்னால்தான் வரிசையில் நிற்கிறார்கள்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதன் பெயருக்கு ஓர் அட்டையும், அது எதைப் பற்றியது என்று இன்னோர் அட்டையும் எழுதப்போவதாகச் சொன்னபோது, நூலகர் கனகசுந்தரம் முகத்தைச் சுளித்தார்.

“இவ்வளவு காலமும் இருந்த ஒழுங்கைக் கலைக்கப் போறாய், பிள்ளை. சரி, சித்திரை முடியுமட்டும் பாப்பம். சனம் தாங்களாத் தேடி எடுக்கவேணும். இல்லாட்டி எல்லாம் பழையபடிதான். உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி நான் எழுதவும் மாட்டன்.”

யோகமலர் ஒரு முடிவுக்கு வந்தாள். தம்பிராசாவுக்கு விளங்கினால் ஊருக்கே விளங்கும்.

புது அட்டைகளை எழுதி வைத்த அடுத்த கிழமை அவன் மறுபடியும் வந்து நின்றான். “மிஸ், எஞ்சின் திருத்திற புத்தகம் ஒண்டுமே இல்லையே!”

“‘பொறியியல்’ எண்டு அட்டை இருக்கே, பாக்கேல்லையா?”

“வள்ளம் நடுக்கடலில நிண்டா, ‘பொறியியல் பழுதாப் போச்சு’ எண்டு ஆரும் சொல்லுறேல்லை, மிஸ்.”

யோகமலர் எழுந்து அவனோடு லாச்சிகளுக்குப் போனாள். இருவரும் சேர்ந்து தேடி எடுத்தார்கள். அன்று பின்னேரமே ‘எஞ்சின்’ என்று ஓர் அட்டை எழுதினாள். பிறகு ‘காய்ச்சல்’, ‘தையல்’, ‘வலை’ என்று சனங்களின் வாயில் வரும் சொற்களுக்கெல்லாம் எழுதினாள்.

இன்னொரு நாள், எந்த லாச்சியில் தொடங்குவதென்றே தெரியாமல் அவன் விழித்துக்கொண்டு நின்றான். மறுநாள் காலை லாச்சிகளுக்கு மேலே பெரிய எழுத்தில் மூன்று பலகைகள் தொங்கின. ‘எழுதியவரைத் தெரியுமா?’, ‘புத்தகத்தின் பெயர் தெரியுமா?’, ‘இரண்டும் தெரியாதா? இங்கே தேடுங்கள்!’

மூன்றாவது பலகையின் கீழேதான் கூட்டம். நிலாவெளியிலிருந்து வந்த மீனவர் ஒருவர் வலை பின்னுகிற புத்தகத்தைத் தானே எடுத்துக்கொண்டு போனார். தையல்காரி நபீஸா சட்டை வெட்டும் புத்தகத்தைக் கண்டெடுத்து, “அல்லாஹ், நானே எடுத்திட்டன்!” என்று கூவியதில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேசைக்கு முன்னால் வரிசையே இல்லாமல் போயிற்று.

தம்பிராசா மட்டும் வந்துகொண்டேயிருந்தான். “மிஸ், கிடைக்கேல்லை.”

அவளுக்கு எரிச்சல் வரவேண்டும். ஏனோ வரவில்லை. அவன் வராத ஒரு நாள், அட்டை எழுதவே மனம் பிடிக்கவில்லை.

சித்திரையின் கடைசி நாள். கனகசுந்தரம் லாச்சிகளுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வந்தவர்கள் எல்லோரும் தேடியதை எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசியாகத் தம்பிராசா உள்ளே வந்தான். யோகமலருக்குப் பகீரென்றது.

“இவரைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்,” என்றார் கனகசுந்தரம். “தம்பி, நட்சத்திரம் பாத்துத் திசை பிடிக்கிறதைப் பற்றி ஒரு புத்தகம் இருக்கு. எடுங்கோ பாப்பம். நீங்கள் எடுத்தா, நான் வேற கதை கதைக்கமாட்டன்.”

தம்பிராசா யோகமலரின் முகத்தை ஒருமுறை பார்த்தான். நேரே போய் ஒரு லாச்சியை இழுத்தான், ஓர் அட்டையைப் பார்த்தான், அலுமாரிக்குப் போனான். கனகசுந்தரம் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் புத்தகம் அவர் முன்னால் இருந்தது.

“நீ வெண்டிட்டாய், பிள்ளை,” என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். “லாச்சி இப்பிடியே இருக்கட்டும். உன்ர விசயமா நாளைக்கே எழுதுறன்.”

யோகமலருக்குக் கண் கலங்கிவிட்டது. “ஒருமாதிரி உங்களுக்கும் விளங்கிட்டுது!” என்றாள் தம்பிராசாவிடம்.

அவன் பதில் சொல்வதற்குள், துறைமுகத்தில் அவனோடு வேலை செய்யும் ஸெய்னுதீன் மூச்சு வாங்க ஓடிவந்தான்.

“அண்ணே, கெதியா வாங்க! கப்பலுக்கு ஒரு வால்வு வேணும். நாங்க தேடித் தேடிக் களைச்சிட்டம்.”

யோகமலர் சிரித்துவிட்டாள். “இவரா தேடித் தரப்போறார்?”

“என்ன மிஸ் இப்பிடிக் கேக்கிறீங்க? எங்கட களஞ்சியத்தில இருக்கிற அத்தனை சாமானுக்கும் அட்டை எழுதி லாச்சி அடுக்கினதே இவர்தான்! கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவார்.”

யோகமலர் மெல்லத் திரும்பினாள். “அப்ப, இவ்வளவு நாளும்?”

தம்பிராசாவின் காதுகள் சிவந்துபோயிருந்தன.

“புத்தகம் கிடைச்சிட்டுது எண்டு சொன்னா, நீங்கள் கதிரையை விட்டு எழும்பி என்னோட வரமாட்டீங்களே, மிஸ்.”