ஆபத்தான நாடு

"உலக சமாதானத்துக்கு எந்த நாட்டால பெரிய ஆபத்துன்னு நினைக்கிறீங்க ஐயா?"

பெரும்பாறைத் தோட்டத்தில் வீடு வீடாகக் கருத்துக் கேட்டு வந்த மதுரைக் கல்லூரிப் பெண் சுதாராணி, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காசிநாதனைப் பார்த்தாள். உலகம் பூராவும் இதே கேள்வியைக் கேட்கிறார்களாம்.

காசிநாதன் களத்தில் காய்ந்த காப்பிக்கொட்டையைக் காலால் கிளறியபடியே நின்றான்.

வாசற்படியில் மிளகுக் கொத்தை உருவிக்கொண்டிருந்த அவன் மனைவி மூக்கம்மாவுக்குக் கை ஓடவில்லை.

அவளைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். இலங்கை.

வத்தலக்குண்டுச் சந்தைக்கு அப்பால் அவள் போனதில்லை. ஆனால் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயம், அந்த வரிசை வீடுகள், அவளுக்கு அத்துப்படி. அங்கேதான் வடிவு இருந்தாள்.

கல்யாணமான புதிதில் காசிநாதனே சொன்னது. சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவனும் வடிவும் அடுத்தடுத்த வீடு. பேசி முடித்து வெற்றிலை பாக்கும் மாற்றியாகிவிட்டது. அதற்குள் இரண்டு சர்க்காரும் தோட்டத்து ஜனங்களைப் பங்கு பிரித்துக்கொண்டன. அவன் குடும்பத்துக்கு இந்தியா விழுந்தது. வடிவு குடும்பத்துக்கு இலங்கை.

தலைமன்னாரில் கப்பலேறி வந்தவன், சில வருசம் கழித்து மூக்கம்மா கழுத்தில் தாலி கட்டினான்.

அன்றிலிருந்து ரேடியோவில் அந்த நாட்டுப் பெயர் வந்தாலே அவளுக்கு வயிறு எரியும்.

அங்கே சண்டை மூண்டபோது ஊரே ஐயோ என்றது. மூக்கம்மாவும் ஐயோ என்றாள். ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள். சண்டை நடக்கிறவரை இந்த மனுசன் அந்தப் பக்கம் போகமாட்டான்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் சண்டையை நிறுத்திவிட்டதாகச் சேதி வந்தது. அன்றைக்கு அவன் தானாகவே போய் முகம் மழித்துக்கொண்டு வந்தான். ஒருக்கா போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

அன்று போன தூக்கம்தான் அவளுக்கு.

இப்போது அவன் வாயால் இலங்கை என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும். அங்கே நம்ம ஜனங்களை அடித்தார்கள், கொளுத்தினார்கள், விரட்டினார்கள். அதையெல்லாம் நினைத்தாவது சொல்லட்டும். கருப்பசாமிக்குச் சேவல் அறுப்பதாக அவசரமாக வேண்டிக்கொண்டாள்.

காசிநாதன் நிமிர்ந்தான்.

"இந்தியான்னு எழுதுங்க."

சுதாராணி சிரித்துவிட்டாள். நம் நாட்டையா என்றாள்.

"ஆமா. வான்னு கூப்பிட்டது அதுதானே."

சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்து கொட்டையைக் கிளறினான்.

மூக்கம்மாவுக்கு முகத்தில் வெந்நீர் பட்டதுபோல் இருந்தது. மடியிலிருந்த மிளகு சிதறியதைக்கூடக் கவனிக்காமல் எழுந்தாள்.

"நீங்க எந்த நாடும்மா?" என்று அந்தப் பெண் அவள் பக்கம் திரும்பினாள்.

இத்தனை வருசமாக நாக்கு நுனியில் நின்ற பெயர். மூக்கம்மா புருசனின் குனிந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் அதையே போடு தாயி. கூப்பிட்டு, இந்த மனுசனை எங்கிட்டதானே கொண்டாந்து விட்டுச்சு."

புருசனும் பெண்டாட்டியும் ஒத்துப்போனது இந்த மலையில் இந்த ஒரு வீட்டில்தான் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே, சுதாராணி அடுத்த வீட்டுக்குப் போனாள்.