இடம் ஏழு, மேல் சேறு

நாற்பத்தொன்றாவது வரியில் பினாயிலின் விரல் நின்றது.

பினாயில் என்பது எங்கள் ஆய்வகத் தலைவிக்கு நாங்கள் வைத்த பெயர். கை கழுவிவிட்டு வந்தவரையும் இன்னொரு தடவை கழுவ அனுப்புவார். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அவர் மேடம்தான்.

அவர் கையில் இருந்தது பாக்டீரியாக்களின் பட்டியல். மூவாயிரம் மீட்டர் ஆழத்தில், கடலின் தரையிலிருந்து அள்ளிவந்த சேற்றில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்ற விவரம். ஒரு சிட்டிகைச் சேற்றில் ஆயிரக்கணக்கான வகைகள். பாதிக்கு மேல் இன்னும் பெயரே வைக்கப்படாதவை.

நாற்பத்தொன்றாவதற்குப் பெயர் இருந்தது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் குடலில் வாழ்வது அது.

“கடலுக்கு அடியில யாருப்பா கைக்குழந்தை வச்சிருக்கா?” என்றார் மேடம்.

மரபணுவைப் படிக்கும் மெஷினைப் பார்ப்பவர் சிரித்தார். ஆராய்ச்சி மாணவி சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டாள். பாட்டில் கழுவும் அண்ணன் தண்ணீரை நிறுத்தினார். சேற்றிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுப்பது என் வேலை. அதாவது, அந்த டியூப்களை எல்லாம் தொட்டவள் நான்தான்.

மேடம் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். சேறே போடாமல், மருந்துகளை மட்டும் ஊற்றிச் சோதிக்கும் வெற்று டியூப் ஒன்று உண்டு. அதில் எதுவும் வரக்கூடாது. வந்தால் அது கடலிலிருந்து வந்ததல்ல, எங்களிடமிருந்து வந்தது.

நாற்பத்தொன்று அதிலும் இருந்தது.

நான் ஃப்ரிட்ஜைத் திரும்பிப் பார்த்தேன்.

என் மகளுக்கு நாலரை மாதம். அது அங்கே யாருக்கும் தெரியாது. நேர்முகத் தேர்வில், மூன்று வாரம் கப்பலில் போக வேண்டியிருக்கும், வீட்டில் சின்னக் குழந்தை உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்று கூசாமல் சொன்னேன். என் கணவருக்கு வேலை போய் அப்போதே அரை வருடம் ஆகியிருந்தது. இப்போது மகளை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். இந்த வேலையும் போனால் வீட்டில் சம்பாதிக்க ஆளில்லை.

மதியம் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாலை எடுப்பேன். சாயங்காலம்வரை அது கெடாமல் இருக்க ஒரே ஒரு ஃப்ரிட்ஜ்தான் இருந்தது. மருந்துகளும் சாம்பிள்களும் வைப்பது. அதில் மோர் பாட்டிலை வைத்த ஒருவரைப் போன வருடம் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்களாம். அதனால் வெளிச்சம் புகாத பழுப்புப் பாட்டில் ஒன்றை எடுத்து, வெந்நீரில் நன்றாகக் கொதிக்க வைத்து, பாலை அதில் ஊற்றி, மற்றவற்றில் இருப்பதைப் போலவே சீட்டு எழுதி ஒட்டினேன். ‘இடம் 7, மேல் சேறு.’ கப்பல் நின்ற ஏழாவது இடத்தில், கடல் தரையின் மேலடுக்கிலிருந்து எடுத்த சேறு என்று அர்த்தம்.

பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு வேறு. அந்தப் பாக்டீரியா தாய்ப்பாலிலும் இருக்கும். மூடியில் ஒட்டிய ஒரு சொட்டு போதும், கையுறையில் ஏறி எல்லா டியூபுக்கும் போய்ச் சேர. இத்தனை படித்தவளுக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

மேடம் ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து, சீட்டை வாய்விட்டுப் படித்து, மேசையில் வைத்தார். மருந்துகள் முடிந்தன. சேற்றுப் பாட்டில்கள் ஆரம்பித்தன. நானே சொல்லிவிடலாம் என்று ஓரடி முன்னால் போனேன். அதோடு நின்றுவிட்டேன்.

கடைசிப் பாட்டில் அவர் கைக்கு வந்தது. சீட்டைப் பார்த்தார். வாய்விட்டுப் படிக்கவில்லை. பாட்டிலை லேசாகச் சாய்த்தார். உள்ளே இருந்தது சட்டென்று ஒரு பக்கமாக ஓடியது. சேறு அப்படி ஓடாது.

மெஷின் பார்ப்பவர் ஏற்கெனவே துடைத்த மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார். மாணவி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே பேனாவைத் தேடினாள்.

“எல்லாத்தையும் முதல்லேருந்து செய்யணும். நீ செஞ்சது, நீயேதான் திரும்பச் செய்யணும். அதனால இந்தத் தடவை கப்பல்ல உன் பேர் கிடையாது,” என்றார் மேடம், என்னைப் பார்க்காமல். “அப்புறம், இந்த ஏழாம் நம்பர் இங்க இருக்க வேண்டாம். இனிமே என் ரூம் ஃப்ரிட்ஜ்ல வை. மத்தியானம் நான் ரூமைப் பூட்ட மாட்டேன்.”

பாட்டிலை அவரே எடுத்துக்கொண்டு போனார். அண்ணன் மறுபடியும் தண்ணீரைத் திறந்தார். எனக்கு அழுகை வந்தது. மேசையில் கிடந்த பாட்டில்களை அடுக்கத் தொடங்கினேன்.

எங்கள் கப்பல் ஆறு இடங்களில்தான் சேறு எடுத்தது. அதை யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள் என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான்.