மூன்றாம் பாட்டின் டிரம்ஸ்

ஜெஸ்டனின் ராக் ஆராதனை ஆல்பம் ஞாயிறன்று ஆம்பூர் சபையில் வெளியாக வேண்டுமானால், மூப்பர் ஜெயகரன் தலையாட்ட வேண்டும். அவரோ ஹெட்போனைக் கழற்றாமல் மூன்றாம் பாட்டையே நாலு தடவை கேட்டார். ஜெஸ்டனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"இந்த டிரம்ஸ் எங்கேர்ந்துடா சுட்ட? வெளிநாட்டு பேண்டா?"

"ஐயோ, இல்ல அங்கிள்!"

"அப்போ சினிமாவா?"

"சுடவே இல்ல அங்கிள். ஷூ கம்பெனில தையல் மிஷின் ஓடுற சத்தம் அது. நானே போன்ல ரெக்கார்டு பண்ணேன்."

"ஏழாம் நம்பர் மிஷின்தானே? ஸ்தோத்திரம்! ஆல்பத்த தாராளமா வெளியிடு."

ஜெஸ்டன் அப்போதுதான் மூச்சு விட்டான். ஜெயகரன் விடவில்லை.

"நாளைக்கு ஷிஃப்டுக்கு வந்ததும் மெமோ வாங்கிக்கோ. உள்ள போன் எடுத்துனு வரக்கூடாதுன்னு தெனமும் கத்துறேனா இல்லியா?"

"கத்துறீங்க, சூப்பர்வைசர் சார்."