கரைக்கு ஒன்று, மலைக்கு ஒன்று

இட்வல் பாய்ந்து வந்து அடுப்புக்குள் கையை விட்டான். ஓரம் கருகிய காகிதத்தைப் பிடுங்கிச் சட்டையில் தேய்த்து அணைத்தான்.

"என்ன பண்றே நெரிஸ்? நமக்குன்னு இருக்கிற ஒரே சாட்சி இதுதான்!"

"அதைப் பாக்கப் பாக்க வயிறு எரியுது" என்றாள் அவன் மனைவி. கண்ணைத் துடைத்துக்கொண்டே, மேஜையில் கிடந்த அகராதியையும் மொழிபெயர்ப்புக்கு வந்திருந்த நகரசபைக் கடிதங்களையும் ஓரமாக ஒதுக்கினாள்.

இரண்டு நாளாக அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

வேல்ஸ் கரையோர மெனாய் நீரிணையில் இருபத்தாறு வருஷமாகச் சிப்பி வளர்க்கிறவன் இட்வல். கடலில் அள்ளியதை அப்படியே நெதர்லாந்துக்கு அனுப்புவான், அங்கே சுத்தம் செய்துகொள்வார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியே வந்ததும் அவனுடைய சிப்பி வெளிநாட்டுச் சிப்பி ஆகிவிட்டது. சுத்தம் செய்த பிறகுதான் எல்லைக்குள் வரலாம் என்று லாரியைத் திருப்பிவிட்டார்கள். சுத்தம் செய்வதற்கான தொட்டியை இட்வல் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

பதினெட்டு டன். பாதிக்கு மேல் செத்து, வாய் பிளந்து, படகுத்துறையில் நாறிக்கொண்டிருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு மழைக்கோட்டோடு ஹெவின் உள்ளே வந்தான். இட்வலின் தம்பி, மலைமேல் ஆடு வளர்க்கிறவன்.

"நீ கேட்ட நோட்டீஸ், அண்ணா. கொட்டகைக் கதவுல அஞ்சு வருஷமா ஒட்டியிருந்துச்சு. கிழிச்சு எடுக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

ஒன்றியத்தில் இருப்பதா வெளியேறுவதா என்ற வாக்கெடுப்பு சமயத்தில் வந்த நோட்டீஸ். இட்வல் அடுப்பிலிருந்து பிடுங்கியதும் அந்தச் சமயத்து நோட்டீஸ்தான். இரண்டிலும் மெய்ரிக்கின் படம், அதே சிரிப்பு. 'வெளியேறுவோம்' என்று இந்தப் பக்கமெல்லாம் ஊர் ஊராகப் பேசியவர் அவர்.

இட்வல் தன்னுடையதை உரக்கப் படித்தான். "'ஒன்றியத்தை விட்டு வந்தாலும் ஐரோப்பாவின் பொதுச் சந்தையில் நமக்கு இடம் உண்டு. உங்கள் சிப்பி இன்று போவது போலவே நாளையும் போகும்.' இதைக் காட்டி அந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கப் போறேன்."

ஹெவின் தன் காகிதத்தையே முறைத்தான். "எனக்கு வேற மாதிரில்ல இருக்கு? 'பொதுச் சந்தையை விட்டு அடியோடு வெளியேறுவோம். அவர்கள் சட்டத்தில் ஒரு வரிகூட...' அதுக்கப்புறம் மழையில கரைஞ்சு போச்சு."

"'இனி நம் மலை ஏறாது'" என்றாள் நெரிஸ், கெட்டிலில் தண்ணீர் பிடித்தபடி.

"ஆங், அதேதான் அண்ணி!" ஹெவின் அண்ணன் பக்கம் திரும்பினான். "உனக்கு உள்ளே இருப்போம்னு சொல்லியிருக்கான், எனக்கு வெளியே போவோம்னு சொல்லியிருக்கான். வாசப்படியிலயே நிக்கப் போறானாமா?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே நின்றுபோனது.

"எழுத்தைப் பாருடா" என்றான் இட்வல். "அச்சு அசல் நம்ம வெல்ஷ் பாஷை. நம்ம வீட்டு ஆள் பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி. இங்கிலீஷ்ல மட்டும் வந்திருந்தா நான் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டேன்."

"வாராவாரம் இங்கதான் சாப்பிடறோம். ஒரு தடவையாவது இதைப் பத்திப் பேசியிருக்கோமா?" என்றான் ஹெவின்.

"எப்படிப் பேசறது? சோத்துத் தட்டு முன்னாடி அரசியல் கூடாதுன்னு உங்கண்ணிதான் தடை போட்டுட்டாளே."

இட்வல் மெய்ரிக்குக்குப் போன் போட்டான். எடுத்தவர் குரல் தேன் மாதிரி இருந்தது. சிப்பியைப் பற்றிக் கேட்டதும் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"ஆனா அந்த நோட்டீஸ் பிரசாரக் குழு போட்டது, தம்பி. வாக்கெடுப்பு முடிஞ்சதுமே குழுவைக் கலைச்சிட்டாங்க. நான் வெறும் பேச்சாளன்."

"உங்க படம் இருக்கே ஐயா!"

"படம் என்னுதுதான். ரெண்டு நோட்டீஸ்ல எது நடக்கும்னு அப்ப எனக்கும் தெரியாது."

"அப்ப நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

"அதைத்தான் எனக்கும் சொல்லத் தெரியல" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

ஜன்னலுக்கு வெளியே, இட்வலின் வேலைக்காரர்கள் இருவர் செத்த சிப்பியை மண்வெட்டியால் வாரிக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து வேலை இல்லை என்று அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. படகை விற்பதா வேண்டாமா என்ற பேச்சும் முடியவில்லை.

இட்வல் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். கோபம் வடிந்து, குரல் கெஞ்சுவதுபோல் ஆகியிருந்தது.

"கரையில அத்தனை குடும்பம், மலையில அத்தனை குடும்பம். ரெண்டையும் சேர்த்துப் படிச்ச ஒரே ஒரு ஆள்கூடவா இல்லாம போச்சு? ஒருத்தர் வாயைத் திறந்திருந்தா போதுமே, ஹெவின்!"

கெட்டில் கொதித்துக் கூவியது. பக்கத்திலேயே நின்ற நெரிஸ் அதை அணைக்கவில்லை.

"நான் படிச்சேன், இட்வல்... ரெண்டையும் இங்கிலீஷ்லேருந்து வெல்ஷ்ல மாத்தி எழுதிக் கொடுத்ததே நான்தான்."